அரசாணிக்காய் வேண்டாம், மத்தன் வேண்டும்: குழந்தைக்குக் காய் பழக்க எந்த வழி?

எங்கள் வீட்டிலிருந்து வேலந்தாவளம் காய்கறிச் சந்தை பத்து நிமிட நடை. தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் எருத்தேன்பதி, வடகரப்பதித் தோட்டங்களில் விளைகிறதும், அந்தப் பக்கம் கோவை மாவட்டத்து ஊர்களில் விளைகிறதும் வந்து குவிகிற இடம். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. மூட்டைகளை எடை போட்டு வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பையாவது இருக்கும். வெண்டை, புடலை, பாகல், தட்டைக்காய், அரசாணிக்காய் (பரங்கி) என்று வீட்டில் காய்க்குப் பஞ்சமே வந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் எங்கள் பாப்பா இரண்டரை வயதில் தின்ற ஒரே காய் உருளைக்கிழங்கு. அதையும் காய்க் கணக்கில் சேர்க்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போடுகிற உணவுக் கணக்கில் உருளைக்கிழங்குக்குக் காய்கறி வரிசையில் இடமில்லை. இதைச் சொன்னதற்கு என் மாமியார், "மண்ணுல வெளையறது காயில்லாம கல்லா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக நான்கு வழிகளைப் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு ஆள் கட்சி கட்டினார். மறைத்துக் கொடுப்பது மாமியார் கட்சி. மிட்டாய் காட்டிக் கொடுப்பது வீட்டுக்காரர் கட்சி. தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது என் கட்சி. நான்காவது வழி அங்கன்வாடியிலிருந்து தானாக வந்தது. இப்போது தம்பி வீட்டில் ஒன்றே முக்கால் வயதுப் பையன் காயைத் துப்ப ஆரம்பித்திருக்கிறான், "நீங்க எப்படிப் பண்ணுனீங்க அக்கா?" என்று தம்பி பெண்சாதி தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஒன்றரை வயது வரை கொடுத்ததையெல்லாம் வாங்கித் தின்ற குழந்தை திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அது அடமும் இல்லை, அம்மா வளர்ப்பும் இல்லை. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் தெரியாத பொருளைக் கண்டு ஒதுங்குவது குழந்தைகளுக்கு இயல்பு. நடக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் பறித்து வாயில் போடக்கூடிய வயதில் அந்தப் பயம் இருப்பது நல்லதுதானே. கசப்பு வேறு இருக்கிறது. கசப்பை உணர்கிற ஒரு மரபணு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுவதால், நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற கீரை சில குழந்தைகளின் நாக்கில் வேப்பிலை மாதிரி விழும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது.

சரி, மறைப்பதிலிருந்து தொடங்குவோம்.

இது மோசமான வழி என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் சாப்பாட்டில் காயை மசித்துக் கலந்து கொடுத்தபோது அன்றைக்கு அவர்கள் தின்ற காயின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, கூட வைத்த காயைத் தின்பதும் குறையவில்லை. நம் சமையலுக்கு இது புதிதும் இல்லை. பருப்போடு சுரைக்காயை வேகவைத்து மத்தால் கடைந்தால் அதுவே மறைத்த காய்தான். அரசாணிக்காய் சாம்பாரில் கரைந்தே போய்விடும். சப்பாத்தி மாவில் முருங்கைக்கீரை, தோசை மாவில் பீட்ரூட், இட்லி மாவில் துருவிய கேரட் என்று மாமியார் ஒரு மாதம் கலக்கினார். பாப்பா தின்றாள். பீட்ரூட் தோசை தின்ற மறுநாள் காலை குழந்தைக்குச் சிவப்பாகப் போனதைப் பார்த்து அலறியதும் அவர்தான். பீட்ரூட் சாயம் அப்படித்தான் இறங்கும் என்று புரியவைப்பதற்குள் பக்கத்து வீடு வரை சேதி போய்விட்டது.

ஒரு நாள் கீரை சரியாக அரையவில்லை. தோசையில் நூல் மாதிரி ஒரு பச்சைத் துணுக்கு. பாப்பா அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் தோசையை நாலாகப் பிய்த்து ஒவ்வொரு துண்டையும் அதே மாதிரி தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் அவள் தோசை தொடவில்லை, வெள்ளைத் தோசையைக்கூட.

மறைப்பதில் உள்ள கஷ்டம் இதுதான். காய் உள்ளே போகிறது, ஆனால் காய்க்கும் குழந்தைக்கும் பழக்கம் ஏற்படுவதில்லை. பிடிபட்டால் காயோடு சேர்த்துத் தோசையும் போய்விடும். காலையில் மிக்ஸி ஓட்டுகிற வேலை வேறு. நான் இப்போதும் கலக்கிறேன், ஆனால் சொல்லிவிட்டுக் கலக்கிறேன். பீட்ரூட்டைத் துருவுவதே அவள்தான். அதற்குச் சிவப்புத் தோசை என்று பேரும் வைத்தாயிற்று. காயின் அளவு அதேதான், ஏமாற்று மட்டும் இல்லை.

அடுத்தது வீட்டுக்காரர் வழி. "நாலு வாய் வெண்டைக்காய் தின்னா கடலை மிட்டாய்." முதல் வாரம் பிரமாதமாக நடந்தது. இரண்டாம் வாரம் நாலு வாய் மூன்று வாயானது. மூன்றாம் வாரம் பாப்பா தட்டு முன்னால் உட்காரும்போதே, "மிட்டாய் காட்டு" என்றாள். சந்தைக்காரர் மகள், பேரம் பேசத் தெரியாமலா இருப்பாள்?

லீன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். குழந்தைகளுக்கு ஒரு பானத்தைக் கொடுத்து, இதைக் குடித்தால் பரிசு என்று பழக்கினார்கள். பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. நினைத்துப் பார்த்தால் நியாயம்தான். கூலி கொடுத்துத் தின்ன வைக்கிற பொருள் நல்லதாக இருக்குமா என்று குழந்தை கணக்குப் போடுகிறது. ஆனால் இங்கிலாந்தில் பிறகு நடந்த ஆய்வுகள் இதில் ஒரு வித்தியாசத்தைக் காட்டின. பரிசு தின்பண்டமாக இல்லாமல் ஸ்டிக்கர் மாதிரி சின்னதாக இருந்து, தட்டைக் காலி செய்வதற்கு இல்லாமல் ஒரே ஒரு கடி ருசி பார்ப்பதற்கு மட்டும் கொடுத்தால், விருப்பம் குறைவதில்லை, கூடவும் செய்கிறது. ஆகவே வீட்டுக்காரர் கட்சியை முழுவதும் தோற்கடிக்க முடியவில்லை. மிட்டாய் போனது, ஸ்டிக்கர் வந்தது. பிரிட்ஜ் கதவு முழுக்க மயிலும் ஆனையும்.

செல்போன் காட்டி ஊட்டுவதையும் இந்தக் கட்சியில்தான் சேர்ப்பேன். வாய் திறக்கும், வயிறு நிறையும், தின்றது புடலையா பூரியா என்று குழந்தைக்குத் தெரியாது. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். காய் பழக்குகிற வழியாக அதை எண்ண முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது என் வழி. கேட்க எளிது, செய்ய நெஞ்சுரம் வேண்டும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் இதை ஒரு பங்கீடாகச் சொல்கிறார்: என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து தின்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. அதாவது, நாம் தின்கிற அதே காயில் ஒரு கரண்டி அவள் தட்டில் வைக்க வேண்டும். தின்னு என்று சொல்லக்கூடாது, தின்னவில்லையே என்றும் சொல்லக்கூடாது. தின்றுவிட்டால் கைதட்டிக் கூத்தாடவும் கூடாது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டரை வயதுக்கு இரண்டு கரண்டி. நான் அதிலும் பாதிதான் வைத்தேன். கொஞ்சமாக இருந்தால் குழந்தைக்கும் மலைப்பு இல்லை, குப்பைக்குப் போனாலும் நமக்கு வயிறு எரியாது.

ஒரு காய் பழகக் குழந்தைக்கு எட்டிலிருந்து பதினைந்து தடவை வரைக்கும் அதை ருசி பார்க்க வேண்டியிருக்கும். பெற்றோர் பெரும்பாலும் மூன்று நான்கு தடவையிலேயே "என் பிள்ளைக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் கட்டியிருந்தேன். அதனால் இந்தத் தடவை எண்ணினேன். எல்லை ஓர வீடு என்பதால் எங்கள் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும், தமிழ் தினசரிக் காலண்டர் ஒன்று, மலையாள மாதக் காலண்டர் ஒன்று. மாதக் காலண்டரில் வெண்டைக்கு 'வெ', புடலைக்கு 'பு' என்று பென்சிலால் குறித்தேன். வெண்டைக்காய் முதல் ஐந்து தடவை தரைக்குப் போனது. ஆறாவது தடவை நசுக்கிப் பார்த்தாள். எட்டாவது தடவை விதையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். பதினொன்றாவது தடவை முழுத் துண்டு.

இடையில் நான் ஒரு மாற்றம் செய்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வெண்டைக்காய்ப் பொரியல் கொழகொழவென்று இருக்கும். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி செய்கிற மெழுக்குபுரட்டியில் நீளமாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் ஓரம் மொறுமொறுக்கிற வரைக்கும் விட்டு எடுப்பார். அதற்கு மாறிய பிறகுதான் விதை தின்பது தொடங்கியது. குழந்தைகள் பல நேரம் காயை வெறுப்பதில்லை, அதன் வழவழப்பைத்தான் வெறுக்கிறார்கள். எண்ணெய்க்கு இன்னொரு பலனும் உண்டு. கேரட், அரசாணி, கீரையில் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். குழந்தைக்கு வேகவைத்து உப்புப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று எண்ணெயை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த வழிக்குக் கொடுத்த விலை மாமியாரின் தூக்கம். குழந்தை காயைத் தள்ளிவிட்டு வெறும் ரசம் சோற்றோடு எழுந்து போனால் அவரால் பொறுக்க முடியாது. பின்னாலேயே பிஸ்கட்டும் பாலும் போகும். "பட்டினி போடறயா புள்ளய?" என்று கேட்டார். குழந்தை டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போனேன். எடை சரியாக இருக்கிறது, பால்தான் அதிகம், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், பால் வயிற்றை நிரப்பினால் சோறும் காயும் இறங்காது, இரும்புச்சத்தும் குறையும் என்றார் டாக்டர். நான் ஆறு மாதமாகச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னதால் வீட்டில் செல்லுபடியானது. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பாலும் பிஸ்கட்டும் கிடையாது என்று முடிவானது. எங்கள் வீட்டில் நடந்த மாற்றங்களில் அதிகம் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பசி இல்லாத குழந்தையிடம் எந்த வழியும் பலிக்காது.

இனி அங்கன்வாடி. மூன்று வயதில் சேர்த்தோம். கேரளத்து அங்கன்வாடிச் சாப்பாடு சமீபத்தில் ஊரெல்லாம் பேச்சானது. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் கேட்ட வீடியோ 2025-இல் பரவி, அரசு உணவுப் பட்டியலையே மாற்றி முட்டை பிரியாணியைச் சேர்த்தது. பிரியாணிப் பேச்சு இருக்கட்டும், எங்கள் வீட்டுக் கதை மத்தனில் இருக்கிறது.

சேர்த்த இரண்டாம் மாதம் பாப்பா வந்து, "அம்மா, மத்தன் வேணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தன் என்று மலையாளத்தில் சொல்வது நம் அரசாணிக்காயைத்தான், சென்னைக்காரர்கள் பரங்கி என்பார்களே, அது. வீட்டில் அதுவரை பதிமூன்று தடவை வைத்தும் நாக்கில் படாத காய். அன்று ராத்திரியே பொரியல் செய்து வைத்தேன். பார்த்துவிட்டு, "இது அரசாணிக்கா. எனக்கு மத்தன்" என்றாள். "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு" என்றேன். "இல்ல. மத்தன் டீச்சர் தரும்" என்றாள். மறுநாள் டீச்சரைக் கேட்டேன். வன்பயறும் (நம் தட்டைப்பயறு) தேங்காயும் போட்டு, எரிசேரி என்கிற கேரளத்துக் கூட்டு மாதிரி செய்வார்களாம். முதல் நாள் தொடவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்த நான்கு வயதுக்காரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றதைப் பார்த்துவிட்டு இவளும் தட்டை நீட்டினாளாம்.

மேலே சொன்ன அதே பிர்ச், 1980-இல் இதையும் ஆராய்ந்திருக்கிறார். ஒரு காயைப் பிடிக்காத குழந்தையை, அந்தக் காயைப் பிடித்த குழந்தைகளோடு சில நாள் சேர்த்து உட்கார வைத்தார்கள். தனக்குப் பிடிக்காத காயையே அந்தக் குழந்தையும் எடுக்கத் தொடங்கியது. அம்மா சொன்னால் உபதேசம், பக்கத்து எலைக்காரி தின்றால் ஆசை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் அக்கா மகனுக்கும் இதே அனுபவம். அரசுப் பள்ளிக் காலை உணவில் காய் போட்ட சாம்பார் ஊற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. வீட்டுச் சாம்பாரில் காயைப் பொறுக்கி ஓரம் கட்டுகிறவன் அங்கே முள்ளங்கியோடு குடித்துவிட்டு வருகிறான்.

இந்த வழிக்குச் செலவில்லை, சண்டையில்லை. ஆனால் நம் கையிலும் இல்லை. எந்தக் காய் போடுவார்கள், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது அதிர்ஷ்டம். பக்கத்துப் பிள்ளை துப்பினால் நம் பிள்ளையும் துப்பும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒருநாள் காயை விரும்பித் தின்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சேர்ந்து உட்கார வைப்பது. அப்புறம் எரிசேரி செய்யக் கற்றுக்கொள்வது. கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இப்போது அரசாணிக்காய் என்ற பேரே கிடையாது. மாமியார்கூட மத்தன் என்றுதான் சொல்கிறார், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

தோட்டம் போட்டுப் பழக்குவதையும் பலர் சொல்வார்கள். இங்கே 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி' (பச்சைக்கறி என்றால் மலையாளத்தில் காய்கறி) என்ற திட்டத்தில் அரசே விதையும் நாற்றும் கொடுக்கிறது. தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த காயைக் குழந்தை ருசி பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் மழை மறைவுப் பூமி, கோடையில் குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு நிற்க வேண்டும். இரண்டு பையில் வெண்டை போட்டோம், விதை போட்டதிலிருந்து ஐம்பது நாளுக்குள் காய்த்தது, பாப்பா செடியிலிருந்து பறித்துப் பச்சையாகவே கடித்தாள். அதைவிட லேசான வழி, சனிக்கிழமை அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு காயை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஒரு தடவை தன் உயரத்துக்கு ஒரு புடலங்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று தின்னவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு தின்றாள்.

தம்பி பெண்சாதிக்கு இதில் எது பொருந்தும்? பையனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர், இருவரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். காலையில் கீரை அரைத்துக் கலக்க அவர்களுக்கு நேரமில்லை. மூன்றாவது வழிதான் அவர்களுக்குச் சரி, அதுவும் ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும். மூன்று பேரும் ஒரே பொரியலைத் தின்ன வேண்டும், தம்பி காயை ஒதுக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். இதை அவனிடம் நான் சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் இங்கே எழுதிவிட்டேன். கூட்டுக் குடும்பமாக இருந்து பெரியவர்கள் பொறுக்க மாட்டார்கள் என்றால், சொல்லிக் கலக்கும் தோசையை மூன்றாவது வழியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கும் காய் உள்ளே போன நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதி இருந்தால்தான் பிஸ்கட்டைக் கையில் எடுக்காமல் இருப்பார்கள்.

இன்னும் ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் வேலை லேசு. ஆறு மாதத்தில் கூழ் தொடங்கும்போதே இனிப்பான கேரட்டோடு நிற்காமல் சுரை, பீர்க்கு, கீரை என்று மாற்றி மாற்றி நாக்குக்குக் காட்டிவிட வேண்டும். அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது என்கிறார்கள். கர்ப்பகாலத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் சுவையுள்ள கூழைக் கூடுதலாக விரும்பியது என்று 2001-இல் ஜூலி மெனெல்லா குழுவின் ஆய்வு வந்தது. பத்தியம் என்று பெற்றவளுக்குக் காயை நிறுத்துகிற வீடுகள் இதைப் படிக்கலாம்.

நான்கு வயதுக்குள் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். துருவியோ வேகவைத்தோ கொடுக்கலாம். எடை ஏறாமல் நின்றாலோ, மொத்தமே நாலைந்து பண்டம்தான் தின்கிறது, ஒவ்வொரு வாய்க்கும் குமட்டுகிறது என்றாலோ இந்த நான்கு வழியும் வேண்டாம், டாக்டரிடம் போக வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போது மூன்றேமுக்கால் வயது. வெண்டை, மத்தன், பீட்ரூட், தட்டைக்காய், சுரைக்காய் தின்கிறாள். புடலை பாதி நாள். கத்தரிக்காயைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள், அது எனக்கும் சின்ன வயதில் பிடிக்காது, விட்டுவிட்டேன். பாகற்காய்க்குக் காலண்டரில் ஒன்பது 'பா' விழுந்திருக்கிறது. நேற்று வட்டமாக வறுத்ததில் ஒன்றை எடுத்து விரலில் மோதிரம் மாதிரி போட்டுக்கொண்டு, அப்பத்தாளிடம் காட்டப் போனாள். திரும்பி வரும்போது மோதிரத்தில் ஒரு ஓரம் குறைந்திருந்தது. யார் கடித்தது என்று நான் கேட்கவில்லை.